உடலை அளந்தவர்கள் – 14: மாட்சுமோட்டோவில் பிறந்த சூத்திரம்

ஒருவருடைய கல்லீரல் எவ்வளவு பெரியது என்று கேட்டால் இன்று பதில் சொல்வது கடினமில்லை. சி.டி. ஸ்கேன் எடுத்து, படங்களில் ஈரலின் எல்லையை வரைந்து, கூட்டிப் பார்த்தால் கனஅளவு வந்துவிடும். ஆனால், இந்த மனிதருக்கு நோயே வராமல் இருந்திருந்தால் அவருடைய கல்லீரல் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும்? இந்தக் கேள்விக்கு எந்த ஸ்கேனும் பதில் சொல்லாது. கெட்டுப்போன ஈரல் தன் உண்மையான அளவைக் காட்டாது. சிரோசிஸ் முற்றியவருக்கு அது சுருங்கி, முடிச்சு முடிச்சாக இறுகிக் கிடக்கும். பித்தநாளம் இல்லாமல் பிறந்த குழந்தைக்கோ பித்தம் தேங்கி ஈரல் வீங்கி வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கும். மாற்று ஈரல் பொருத்தப்போகும் மருத்துவருக்குத் தேவைப்படுவது கண்ணெதிரே இருக்கும் ஈரலின் அளவு அல்ல, இல்லாத ஒரு ஈரலின் அளவு.

அந்த இல்லாத ஈரலை, உயரத்தையும் எடையையும் மட்டும் வைத்துக்கொண்டு கணக்கிட ஒரு வழி 1995-இல் ஜப்பானின் ஒரு மலைநகரத்திலிருந்து வந்தது.

சென்ற இதழில் நியூயார்க்கின் டு பாய் உறவினர்கள் இருவரைப் பார்த்தோம். ஆட்களின் உடல் முழுக்கக் காகிதப் பட்டைகளை ஒட்டி, அந்தக் கூட்டை வெட்டி எடுத்து, ஒளிப்படத் தாளின் மேல் பரப்பி வெயிலில் காட்டி, நிழல் விழுந்த பகுதியைக் கத்தரித்து நிறுத்து, மனிதத் தோலின் பரப்பைக் கண்டுபிடித்தவர்கள். 1916-இல் அவர்கள் தந்த சூத்திரத்தில் உயரத்தையும் எடையையும் போட்டால் உடலின் மேற்பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும். அளக்கப்பட்டவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. இருந்தும் அந்தச் சூத்திரம் நூறாண்டைத் தாண்டி நிற்கிறது. உடல் எரிக்கும் சக்தி அதன் எடையோடு செல்வதைவிட மேற்பரப்போடு நெருக்கமாகச் செல்கிறது என்று மாக்ஸ் ரூப்னர் 1883-லேயே நாய்களை வைத்துக் காட்டியிருந்தார். அந்த எரிப்பு வேலையில் கணிசமான பங்கு கல்லீரலுடையது. ஆக, தோலின் பரப்பு தெரிந்தால் ஈரலின் அளவையும் தொட்டுவிடலாம் என்று நினைப்பதில் நியாயம் இருந்தது. 1968-இல் டிலேண்டும் நார்த்தும் அப்படி ஒரு சூத்திரத்தை வெளியிட்டும் இருந்தார்கள். ஆனால் அன்று அதை உயிர்போகும் அவசரத்தோடு தேடிவந்தவர் யாரும் இல்லை.

காரணம் எளிமையானது. தாமஸ் ஸ்டார்சல் 1963-இல் டென்வரில் முதன்முதலாக முயன்று தோற்று, 1967-இல் வென்ற கல்லீரல் மாற்று, இறந்தவரின் முழு ஈரலை எடுத்துப் பொருத்தும் சிகிச்சை. வளர்ந்தவரின் ஈரல் வளர்ந்தவருக்கு. உடம்பு ஏறக்குறைய ஒத்துப்போனால் போதும், கண்ணளவிலேயே முடிவு செய்யலாம். தவித்தது குழந்தைகள்தான். சின்ன ஈரல் கிடைக்க வேண்டுமானால் இன்னொரு குழந்தை இறக்க வேண்டும். இந்தக் கொடுமையைத் தாண்ட 1984-இல் பாரிஸில் ஆன்றி பிஸ்முத், பெரியவரின் ஈரலை நறுக்கிச் சிறிதாக்கிக் குழந்தைக்குப் பொருத்தினார். நறுக்க முடியும் என்று ஆனபிறகு அடுத்த கேள்வி தானாகவே எழுந்தது: உயிரோடு இருப்பவரிடமிருந்தே ஒரு துண்டை எடுத்தால் என்ன? 1988 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் சில்வானோ ராயா அதைச் செய்து பார்த்தார். குழந்தை பிழைக்கவில்லை. 1989 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரசல் ஸ்ட்ராங் செய்தது வெற்றி பெற்றது. அங்கே ஈரலைக் கொடுத்த தாயும் பெற்றுக்கொண்ட மகனும் ஜப்பானியர்கள்.

ஜப்பானிலிருந்து ஒரு தாய் மகனைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? அதற்கு 1968-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்டில் சப்போரோ நகரில் ஜுரோ வாடா ஜப்பானின் முதல் இதய மாற்றைச் செய்தார். நோயாளி 83 நாள் வாழ்ந்தார். அதன்பின், இதயம் கொடுத்த இளைஞர் உண்மையிலேயே இறந்திருந்தாரா, பெற்றவருக்கு மாற்று இதயம் தேவைதானா என்று கேள்விகள் கிளம்பின. கொலைப் புகாரே பதிவானது. வழக்கு நீதிமன்றம் ஏறவில்லை. ஆனால் மக்கள் மனத்தில் விழுந்த சந்தேகம் அகல முப்பது ஆண்டு பிடித்தது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்க அனுமதிக்கும் சட்டம் 1997-இல்தான் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் முதல் கொடை நடந்தது 1999 பிப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுவதும், கல்லீரல் செயலிழந்த ஜப்பானியக் குழந்தைக்கு உள்நாட்டில் கிடைக்கக்கூடிய ஈரல் ஒன்றே ஒன்று: அப்பாவுடையது அல்லது அம்மாவுடையது.

1989 நவம்பரில் ஷிமானே மாவட்டத்தின் இசுமோ நகரில் நவோஃபூமி நாகசுயே அந்தக் கதவைத் திறந்தார். தந்தையின் ஈரலில் ஒரு பகுதி மகனுக்குப் போனது. குழந்தை 285 நாள் உயிரோடு இருந்தது. பெரும் வாதங்கள் நடந்தன. ஆனால் சப்போரோவில் நடந்ததுபோல் இம்முறை கதவு மூடிக்கொள்ளவில்லை. 1990 ஜூனில் கியோட்டோ பல்கலைக்கழகமும், மாட்சுமோட்டோவில் உள்ள ஷின்ஷு பல்கலைக்கழகமும் அடுத்தடுத்து அதே சிகிச்சையைத் தொடங்கின.

மாட்சுமோட்டோ நாகானோ மாவட்டத்தில், வடக்கு ஆல்ப்ஸ் என்று ஜப்பானியர்கள் அழைக்கும் மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது. கறுப்பு மரச்சுவர்களுடன் நிற்கும் பழைய கோட்டைதான் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அங்கே அறுவைத் துறைக்குத் தலைவராக வந்திருந்தார் மசதோஷி மக்கூச்சி. அதற்கு முன் டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தில் இருந்தவர். வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டே ஈரலின் மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை நகர்த்தி, உள்ளே ஓடும் குழாய்களைப் பார்த்தபடி வெட்டும் முறையை வளர்த்தவர். ஈரல் புற்றுநோய் வந்த பலருக்கு மிச்ச ஈரலும் சிரோசிஸால் பழுதாகியிருக்கும். கட்டியை முழுக்க எடுத்துவிட்டு, மிஞ்சிய ஈரல் போதாமல் நோயாளியை இழப்பது அந்தக் காலத்தில் நடந்துகொண்டே இருந்தது. எவ்வளவு எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விட்டுவைக்கிறோம் என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது என்ற பாடம் மக்கூச்சிக்கு அங்கே கிடைத்தது. கத்தியை எடுக்கும் முன் மிச்சத்தைக் கணக்கிடும் பழக்கத்தோடுதான் அவர் மாட்சுமோட்டோவுக்கு வந்தார். என் எண்ணத்தில், இந்தச் சூத்திரம் வேறெங்கும் பிறக்காமல் அங்கே பிறந்ததற்கு இந்தப் பழக்கமே முதல் காரணம்.

குழந்தைகள் விஷயத்தில் கணக்கு அவ்வளவு நெருக்கவில்லை. பெரியவரின் ஈரலில் இடது ஓரத் துண்டு மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பத்துக் கிலோ குழந்தைக்கு அது தாராளம். கைக்குழந்தையாக இருந்தால் துண்டு பெரிதாகிப்போய் வயிற்றை மூடித் தைக்க முடியாத சங்கடம்கூட வரும். ஆனால் நோயாளி வளர்ந்தவராக இருந்தால்? இன்னொரு வளர்ந்தவரின் இடது பாதி முழுவதையும் எடுத்தாலும் அது மொத்த ஈரலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். அது ஒரு முழு மனிதரைத் தாங்குமா? 1993 நவம்பரில் மக்கூச்சியின் குழு அதைச் செய்து காட்டியது. உயிரோடு இருப்பவரிடமிருந்து வளர்ந்தவருக்குக் கல்லீரல் கொடுத்து வெற்றி கண்டதில் உலகிலேயே அதுதான் முதல். வெற்றியோடு சேர்ந்து ஒரு பெரிய கவலையும் வந்தது. இந்த முறை தாங்கிவிட்டது, அடுத்தவருக்கும் தாங்குமா? தாங்கும் என்று சொல்ல வேண்டுமானால், கொடுக்கும் துண்டு நோயாளியின் தேவையில் எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும். துண்டின் அளவு தெரியும். தேவையின் அளவு தெரியாது.

இந்தத் தேவையைக் கண்டறியும் வேலையை எடுத்துக்கொண்டவர் அந்தக் குழுவைச் சேர்ந்த உராத்தா. அவரும் செய்ஜி கவசாகி, மக்கூச்சி முதலான சக மருத்துவர்களும், ஈரலில் குறையில்லாத 96 ஜப்பானியர்களின் சி.டி. படங்களை எடுத்துக்கொண்டார்கள். குழந்தைகளும் பெரியவர்களும் அதில் கலந்திருந்தார்கள். சி.டி. உடலை வெள்ளரிக்காய் வில்லைகள்போலக் குறுக்குவெட்டாகக் காட்டும். ஒவ்வொரு வில்லையிலும் ஈரலின் விளிம்பைக் கையால் வரைந்து, பரப்பை எடுத்து, வில்லையின் தடிமனால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். இந்த முறை உண்மையான கனஅளவுக்கு மிக அருகில் வரும் என்று அமெரிக்காவில் ஹெய்ம்ஸ்ஃபீல்டு 1979-லேயே காட்டியிருந்தார். இப்படிக் கிடைத்த எண்களை ஒவ்வொருவரின் உடல் மேற்பரப்போடு சேர்த்துப் புள்ளிகளாக வைத்தபோது, அவை ஒரு நேர்கோட்டை ஒட்டி நின்றன. 1995-இல் ‘ஹெபடாலஜி’ இதழில் வெளியான அந்தக் கோடு இதுதான்: உடல் மேற்பரப்பை 706.2-ஆல் பெருக்கி 2.4-ஐக் கூட்டுங்கள். அதுவே மில்லிலிட்டரில் அந்த உடலுக்கு உரிய கல்லீரல்.

165 சென்டிமீட்டர் உயரம், 60 கிலோ எடை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். டு பாய் கணக்கில் மேற்பரப்பு ஏறக்குறைய 1.66 சதுர மீட்டர். உராத்தா கணக்கில் ஈரல் 1,174 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டர் ஈரல் கிட்டத்தட்ட ஒரு கிராம் என்பதால், உடல் எடையில் இரண்டு சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது 75 சென்டிமீட்டர் நீளமும் 10 கிலோ எடையும் உள்ள குழந்தை. மேற்பரப்பு 0.44 சதுர மீட்டர், ஈரல் 311 மில்லிலிட்டர். எடையில் மூன்று சதவீதம். எடையை மட்டும் நம்பியிருந்தால் குழந்தைக்கு ஒரு விகிதம், பெரியவருக்கு ஒரு விகிதம் என்று வயதுக்கு வயது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தோலின் பரப்பைப் பிடித்ததும் ஒரே கோடு இருவருக்கும் பொருந்திவிட்டது.

அந்தச் சூத்திரத்தில் பலரும் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும் 2.4 எனக்கு மிகவும் பிடித்த எண். ஆயிரக்கணக்கான மில்லிலிட்டர் பேசும் இடத்தில் 2.4 என்பது ஒன்றுமே இல்லை. அதாவது கோடு கிட்டத்தட்ட சுழியத்திலிருந்து புறப்படுகிறது. உடம்பே இல்லாவிட்டால் ஈரலும் இல்லை. குழந்தைகளையும் சேர்த்து அளந்ததால் கிடைத்த நேர்மை அது. இதன் அருமை இன்னும் சற்று நேரத்தில் தெரியும்.

தேவை தெரிந்துவிட்டது. குறைந்தபட்சம் எத்தனை பங்கு போதும்? அனுபவத்தில், உரிய அளவில் 35 முதல் 40 சதவீதத்துக்குக் கீழே போவது ஆபத்து என்ற எல்லை மெல்ல மெல்ல உருவானது. கியோட்டோவில் கியூச்சியும் சகாக்களும் வேறு வழியில் வந்தார்கள். துண்டின் எடையை நோயாளியின் எடையால் வகுத்தார்கள். 1999-இல் 276 சிகிச்சைகளை அலசி வெளியிட்டதில், துண்டு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்குக் கீழே, அதிலும் 0.8-க்குக் கீழே போகும்போது அது பிழைப்பது குறைகிறது என்று தெரிந்தது. இன்றும் மாற்று அறுவை மருத்துவர்கள் ‘ஜி.ஆர்.டபிள்யூ.ஆர். எவ்வளவு’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இந்த விகிதத்தைத்தான்.

துண்டு சிறிதானால் என்னதான் ஆகிறது? அது வேலை செய்யத் திணறுகிறது என்பது பாதி விளக்கம். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் முழுவதும் போர்டல் சிரை வழியாக ஈரலுக்குள் போயாக வேண்டும். ஈரல் சிறிது என்பதற்காக அந்த ரத்தம் குறைவதில்லை. பெரிய ஏரியின் மதகை முழுக்கத் திறந்து சின்ன வாய்க்காலில் விட்டால் கரை என்ன பாடுபடுமோ, அந்தப் பாடு அந்தத் துண்டுக்கு. உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் சிதைகின்றன. மஞ்சள் காமாலை இறங்க மறுக்கிறது. வயிற்றில் நீர் சுரந்துகொண்டே இருக்கிறது. ரத்தம் உறைவது தாமதமாகிறது. பிற்காலத்தில் மண்ணீரலுக்குப் போகும் தமனியைக் கட்டியும், வேறு வழிகளிலும் அந்த வெள்ளத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்டார்கள். அப்படிச் செய்யும் மையங்கள் 0.6 வரைக்கும்கூட இறங்கிப் போகின்றன.

எடையால் வகுக்கும் முறை எளிமையானது, ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. ஈரல் முற்றாகக் கெட்டவர்களில் பலருக்கு மகோதரம் இருக்கும். வயிற்றில் எட்டு லிட்டர், பத்து லிட்டர் என நீர் கோத்திருக்கும். 60 கிலோ மனிதர் தராசில் 70 என்று காட்டுவார். 0.8 சதவீதம் என்ற கணக்கில் 480 கிராம் போதுமாயிருந்த துண்டு 560 கிராமாக ஏறிவிடும். அந்த 80 கிராமைத் தேடிக் கொடையாளரை மேலும் வெட்ட வேண்டிவரும், அல்லது கொடையாளர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்ப வேண்டிவரும். அதே நீரை உராத்தா சூத்திரத்தில் போட்டால் தேவை 1,174-லிருந்து 1,253 ஆகும். எடை ஆறில் ஒரு பங்கு ஏறினாலும் மேற்பரப்பு ஏழு சதவீதம்தான் ஏறுகிறது. எந்த முறையானாலும் நீரைக் கழித்த எடையைப் போடுவதே சரி.

நல்ல சூத்திரங்களுக்கு வரும் ஆபத்து உராத்தா சூத்திரத்துக்கும் வந்தது. அது தன்னைப் பெற்றவர்களை விட்டுவிட்டு ஊர் ஊராகத் தனியே பயணம் போனது. 96 ஜப்பானியர்களை அளந்து பெற்ற எண்ணை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அப்படியே போட்டுப் பார்த்தார்கள். பொருந்தவில்லை, குறைத்துச் சொன்னது. 1999-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஹைனமன் குழு 1,332 பிரேதப் பரிசோதனைகளை வைத்துத் தங்கள் மக்களுக்கென ஒரு கோடு போட்டது. 2002-இல் வோத்தே குழு மேற்குலக நோயாளிகள் 292 பேரின் சி.டி. படங்களை வைத்து இன்னொன்று போட்டது. நாம் மேலே பார்த்த அதே 60 கிலோ மனிதருக்கு வோத்தே 1,308 என்கிறார், ஹைனமன் 1,434 என்கிறார், உராத்தா 1,174 என்கிறார். 40 சதவீதம்தான் எல்லை என்றால், உராத்தாவுக்கு 470 மில்லிலிட்டர் போதும், ஹைனமனுக்கு 574 வேண்டும். ஒரே மனிதர், ஒரே நோய். கொடையாளரின் எந்தப் பாதியை வெட்டுவது என்ற முடிவே இந்த நூறு மில்லிலிட்டரில் மாறிப்போகலாம்.

இதனால் பழைய சூத்திரம் தவறு, புதியது சரி என்று எழுதிவிட முடியாது. நம் 10 கிலோ குழந்தையை வோத்தே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். மேற்பரப்பை 1267.28-ஆல் பெருக்கி 794.41-ஐக் கழிக்கச் சொல்கிறது. விடை, சுழியத்துக்கும் கீழே 240. குழந்தைக்கு ஈரலே கிடையாது, கடன் இருக்கிறது என்பதுபோல! வோத்தே குழு பெரியவர்களை மட்டுமே அளந்தது, பெரியவர்களுக்கென்றுதான் சொன்னது. தவறு அவர்களுடையது அல்ல, எடுத்துக் குழந்தைக்குப் போடுபவருடையது. உராத்தாவின் அந்தச் சின்ன 2.4-இன் அருமை இங்கேதான் விளங்குகிறது. மக்கூச்சி பின்னர் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்குப் போனபிறகு, அவர் இருந்த குழுவே 2006-இல் ஜப்பானியக் கொடையாளர்களை மட்டும் வைத்து வளர்ந்தவர்களுக்குப் புதிய சூத்திரம் தந்தது. அதே ஆண்டில் ஹாங்காங் மருத்துவர்கள் மேற்பரப்பையே விட்டுவிட்டு, எடையையும் ஆணா பெண்ணா என்பதையும் மட்டும் வைத்து ஒன்றைத் தந்தார்கள். ஆகவே ஒரு சூத்திரத்தைக் கையில் எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் எண்களை அல்ல. யாரை அளந்தார்கள், எந்த வயதினரை, உயிரோடு இருந்தவர்களையா இறந்தவர்களையா என்பதைத்தான். உயிருள்ள ஈரலில் ரத்தம் நிறைந்திருக்கும். வெளியே எடுத்த ஈரலில் அது வடிந்துபோயிருக்கும். அந்த வேறுபாடே எண்ணை மாற்றிவிடும்.

இதுவரை நோயாளியின் பக்கத்திலிருந்தே பேசினோம். அவருக்குப் போதாது என்று சூத்திரம் சொல்லும்போது, இன்னும் கொஞ்சம் எங்கிருந்து வரும்? அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் அண்ணனிடமிருந்து, மனைவியிடமிருந்து, மகளிடமிருந்து வரும். இடது பாதி போதாமல் 1996-இல் ஹாங்காங்கில் ஃபான் ஷுங் டாட்டும் சகாக்களும் நடுச்சிரையோடு சேர்த்து வலது பாதியை எடுக்கத் தொடங்கினார்கள். அது மொத்த ஈரலில் பாதிக்கும் மேல். நோயாளிகள் பலர் பிழைத்தார்கள். உலகம் முழுக்க அந்த வழி பரவியது, நம் நாட்டு மருத்துவமனைகளிலும் இன்று பெரியவர்களுக்கு அதிகம் எடுக்கப்படுவது வலது பாதிதான். ஆனால் நோய் எதுவும் இல்லாமல் தானாக நடந்துவந்து படுத்த கொடையாளர்களில் சிலர் உலகின் பல இடங்களில் இறந்தும் இருக்கிறார்கள். 2003-இல் ஜப்பானிலும் அது நடந்தது. கொடையாளரின் ஈரல் ஆரோக்கியமானது, ஆகவே அதற்குச் சூத்திரம் தேவையில்லை. சி.டி.யில் நேரடியாக அளக்கலாம். அவருக்கு மிஞ்சுவது மொத்தத்தில் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது பொதுவாக மதிக்கப்படும் எல்லை. வயது கூடியிருந்தாலோ ஈரலில் கொழுப்பு படிந்திருந்தாலோ 35-க்கு மேல் வேண்டும் என்பார்கள். மிச்ச ஈரல் சில வாரங்களுக்குள்ளேயே பெருமளவு வளர்ந்துவிடும். ஆனால் அந்த முதல் சில வாரங்களை அவர் அந்த மிச்சத்தை வைத்துத்தான் கடக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒருவர் ஈரல் கொடுக்க முன்வரும் நாள் வராமலே போகட்டும். வந்தால், மருத்துவரிடம் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். நோயாளிக்கு உரிய அளவில் எத்தனை சதவீதம் போகிறது, எந்தக் கணக்கின்படி? கொடுப்பவரிடம் எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது? இரண்டும் அறுவைக்கு முன்பே அவர்கள் கணக்கிட்டு வைத்திருக்கும் எண்கள். கேட்பதற்குத் தயங்காதீர்கள்.